நூலக வரியும் நமது உரிமையும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், இளைஞர்களுக்குப் பயன்படத்தக்க வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். எப்பொருள் பற்றி எழுதுவது என நெடிது எண்ண வேண்டிய தேவை எமக்கு எழவில்லை. சென்ற பொதுக்குழுவில் நிகழ்ந்த விவாதமே பொருளைத் தந்துவிட்டது.

வெள்ளி விழா நிதியைக் கொண்டு நமக்கென ஒரு நூலகக் கட்டடம் எழுப்ப வேண்டும் என்று உறுப்பினர் சிலர் அன்று கூறினர். அரசின் பொது நூலகம் இருக்கும்போது தனி நூலகம் எதற்கு என்று வேறு சிலர் வினவினர். அப்போது கடைசி வரிசையில் இருந்த இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, அந்த நூலகம் நம்முடையது இல்லையே, அது ஊராருடையது அல்லவா?" என்றார். அவையில் எவரும் அதனை மறுக்கவில்லை. யாமும் அன்று வாளா இருந்துவிட்டோம். அன்று சொல்லத் தவறிய விடையை இங்கே சொல்ல விழைகின்றோம்.

அந்த நூலகம் நம்முடையது. யாரேனும் மனமிரங்கி அளித்ததனால் நம்முடையது ஆகவில்லை. நாம் வரி செலுத்தியதனால் நம்முடையது ஆயிற்று. இதனை விளக்க வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிக் காண வேண்டும். அதற்கு முன் எம் சொந்த வாழ்விலிருந்து ஒரு செய்தி.

தகரப் பெட்டியில் இருந்த இரசீது

எம் தந்தையார் கூலி வேலை செய்து குடும்பம் நடத்தியவர். எழுதப் படிக்க அறியாதவர். ஆயினும், ஓலை வேய்ந்த எங்கள் வீட்டிற்கு ஆண்டுதோறும் வரி செலுத்தி, அதன் இரசீதை ஒரு தகரப் பெட்டியில் போற்றி வைப்பார். வீடு நம்முடையது என்பதற்கு அந்தத் தாள்தான் சான்று என்பார்.

1980-களின் தொடக்கத்தில், யாம் எட்டாம் வகுப்பில் பயின்றபோது, கதைப் புத்தகம் படிக்கும் ஆவலால் அருகிலிருந்த சிற்றூரின் கிளை நூலகத்திற்குச் சென்றோம். அங்குப் பொறுப்பில் இருந்தவர் எம்மை ஏற இறங்கப் பார்த்து, எந்தத் தெரு என்று கேட்டார். தெருவின் பெயரைக் கேட்டபின், செய்தித்தாள் வேண்டுமானால் திண்ணையில் இருந்து படிக்கலாம் என்றும், உள்ளே வந்து நூல் எடுக்க வேண்டுமாயின் காப்புத் தொகையோடு தக்கவர் ஒருவரின் கையொப்பமும் வேண்டும் என்றும் கூறினார். நம் தெருவில் அவர் கருதிய தக்கவர் எவரும் அன்று இலர். இரண்டு ஆண்டுகள் திண்ணையிலேயே படித்தோம். பின்னர் எம் தமிழாசிரியர் செய்தி அறிந்து, தம் கையொப்பத்தையும் தம் பணத்தையும் தந்து எம்மை உறுப்பினராக்கினார். அவருடைய கருணையை இன்றும் நன்றியோடு நினைக்கின்றோம்.

பல்லாண்டுகள் கழித்து, தந்தையார் மறைந்தபின், அந்தத் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். இரசீதுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றில் வீட்டு வரிக்குக் கீழே 'நூலக வரி' எனச் சில பைசாக்கள் குறிக்கப்பட்டிருந்தன. யாம் திண்ணையில் அமர்ந்து படித்த அந்த ஆண்டுகளின் இரசீதுகளிலும் அது இருந்தது. மகன் உள்ளே செல்ல இயலாத நூலகத்திற்குத் தந்தை பணம் செலுத்தியிருக்கின்றார். இருவரும் அதனை அறிந்திலோம். அறிந்திருப்பின், யாம் கையொப்பம் தேடி அலைந்திருக்க மாட்டோம். அந்த இரசீதை எடுத்துச் சென்றிருப்போம்.

இந்த நூலக வரி எங்கிருந்து வந்தது? யார் கொணர்ந்தார்? அதற்குரிய உரிமை யாது? இவையே இனி நாம் காண்பன.

நூல் இருந்தது, நூலகம் இல்லை

நம் மக்களுக்கும் நூலுக்கும் தொடர்பே இருந்ததில்லை என்று கூறுவோர் உளர். அது பிழை. திருக்குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் ஓலைச்சுவடிகளைத் தம் பாட்டனார் கந்தப்பன் எல்லிஸ் துரையிடம் அளித்தார் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியுள்ளார். கந்தப்பன், ஆரிங்டன் துரை என்பவரிடம் சமையற் பணி புரிந்தவர். அத்தகைய ஒருவரின் வீட்டில் ஓலைச்சுவடிகள் காக்கப்பட்டிருந்தன என்பது நாம் மறக்கலாகாத செய்தி. அயோத்திதாசர் 1907-ஆம் ஆண்டு 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கினார். அதற்கு முன்பே, 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் இதழை வெளியிட்டார். எழுதுவோரும் படிப்போரும் நம்மிடையே இருந்தனர்.

இல்லாதிருந்தது பொது இடம். நூல் இருந்தால் அது ஒருவர் வீட்டில் இருந்தது. அல்லது அரண்மனையில் இருந்தது. தஞ்சை மன்னர்களின் சரசுவதி மகால் நூலகம் 1918-இல்தான் பொதுமக்கள் நூலகம் ஆயிற்று. சென்னைக் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. ஆனால் அது தலைநகரில் இருந்தது. ஏனைய ஊர்களில் நூலகம் என்பது பெரும்பாலும் செல்வர் ஒருவரின் அறச்செயலாகவோ, படித்தவர் சிலரின் மன்றமாகவோ அமைந்தது. செல்வரின் கொடையைத் தூற்றுவது எம் நோக்கமன்று. ஆனால் ஒருவர் கொடுத்த இடத்தில் யார் நுழையலாம் என்பதை அவரே முடிவு செய்வார். அவரிடம் போய் இது என் உரிமை என்று எவரும் வாதிட முடியாது.

பொதுப் பணமும் பொது உரிமையும்

இந்த உண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஆகவே அவர்கள் முதலில் பற்றியது 'பொதுப் பணம்' என்னும் கருத்தினை ஆகும். 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொணர்ந்த தீர்மானம், பொதுப் பணத்தால் அமைக்கப்பட்டுப் பேணப்படும் நீர்நிலைகள், கிணறுகள், பள்ளிகள், அலுவலகங்கள் முதலியவற்றைத் தீண்டத்தகாதோர் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்றது. மறு ஆண்டே, 1924-இல், சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் அவ்வாறானதொரு தீர்மானத்தைக் கொணர்ந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது அலுவலகம், மக்கள் கூடும் பொது இடம் ஆகியவற்றில் எச்சாதியினரும் செல்லத் தடையில்லை என அதன்பின் அரசாணை பிறந்தது.

தீர்மானம் தாளில் இருந்தால் போதுமா? மகாட் நகராட்சி, தன் சவுதார் குளம் எல்லோருக்கும் உரியது என்று அறிவித்திருந்தும், நம்மவர் ஒருவரும் அங்கு நீர் அருந்த இயலவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகிப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்நீரைப் பருகினார். அதன்பின் வழக்கு நடந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1937-இல், பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நம் பக்கம் தீர்ப்பு வந்தது. நகராட்சியின் குளம் என்பதே அந்தப் போராட்டத்தின் அடித்தளம். பொதுப் பணத்தால் நிற்பது எதுவோ அது அனைவருக்கும் உரியது. குளத்திற்குப் பொருந்தும் இந்நீதி நூலகத்திற்கும் பொருந்தும் அன்றோ?

ஆனால் நூலகம் பொதுப் பணத்தால் நிற்க வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டிற்குச் சிறிது காலம் கழித்தே வந்தது. அது வந்த வழி சுவையானது.

அரைப் பென்னியின் கதை

இங்கிலாந்தில் 1850-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. நகர மன்றங்கள் வரி மதிப்பில் பவுண்டு ஒன்றுக்கு அரைப் பென்னி வீதம் வசூலித்து நூலகம் அமைக்கலாம் என அச்சட்டம் அனுமதித்தது. ஆனால் அப்பணத்தில் கட்டடம் கட்டலாம், ஆட்களை அமர்த்தலாம். நூல் வாங்கக் கூடாது! நூல்களைக் கொடையாளர் தருவர் என நாடாளுமன்றம் எண்ணியது. அந்த அளவிற்கேனும் இசைய மனமில்லாது எதிர்த்தோர் பலர். தமக்குப் படிப்பதே பிடிக்காது என்று மன்றத்திலேயே கூறி எதிர்த்த உறுப்பினரும் ஒருவர் இருந்தார். ஐந்தாண்டுகள் கழித்து, 1855-இல், வரி ஒரு பென்னியாக உயர்ந்தது. நூல் வாங்கவும் வழி பிறந்தது.

இச்சட்டம் வரப் பெரிதும் உழைத்தவர்களுள் எட்வர்டு எட்வர்ட்ஸ் என்பவர் ஒருவர். கொத்தனாரின் மகன், தாமும் அத்தொழிலைச் செய்தவர், பின்னர் தம் முயற்சியால் கற்று, இலண்டன் அருங்காட்சியக நூலகத்தில் பணிபுரிந்தவர். மான்செஸ்டர் நகரின் பொது நூலகத்திற்கு அவரே முதல் நூலகர் ஆனார். பொது நூலகம் பிறந்ததில் ஓர் உழைப்பாளியின் மகனுக்குப் பங்கு உண்டு என்பதை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்துக.

அந்நாட்டு நூலகங்களைக் கண்டு வந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதன். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். அவ்வாண்டே இங்கிலாந்து சென்று நூலகக் கலையைப் பயின்றார். தொழிலாளரும் இல்லத்தரசியரும் சிறுவரும் நூலகத்திற்குள் தடையின்றிச் சென்றுவரும் காட்சி அவருக்குப் புதிதாக இருந்தது. நூல் என்பது பூட்டிக் காப்பதற்கு உரியதன்று, பயன்படுத்துவதற்கே உரியது என்னும் கொள்கையோடு அவர் திரும்பினார். 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931-இல் மன்னார்குடியில், மேலவாசல் கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியால், நூல்களை ஏற்றிய மாட்டு வண்டி ஒன்று சுற்று வட்டக் கிராமங்களுக்குப் புறப்பட்டது. படிப்பவனைத் தேடி நூல் சென்றது.

எனினும் வண்டி ஒருவரின் ஆர்வத்தால் ஓடுவது. நூலகம் என்றும் நிலைக்க வேண்டுமாயின் சட்டமும் வரியும் வேண்டும் என்பதை இரங்கநாதன் இடையறாது வலியுறுத்தினார். 1930-இலேயே ஒரு மாதிரிச் சட்டத்தை வகுத்தார். அந்தப் பத்தாண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் முயன்றும் அது நிறைவேறவில்லை. விடுதலைக்குப் பின்னரே, தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் உருவாயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் இதுவே. மாவட்டந்தோறும் ஒரு நூலக ஆணைக்குழு. அதன் செலவுக்கு உள்ளாட்சிகள் திரட்டும் சொத்து வரி, வீட்டு வரிமேல் ஒரு சிறு நூலக வரி. அதனோடு அரசின் பங்கு: இதுவே அதன் அமைப்பு. கன்னிமாரா மாநில மைய நூலகம் ஆயிற்று.

சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1950 ஏப்ரல் 1. நம் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1950 ஜனவரி 26. இரண்டிற்கும் இடையே இரண்டு மாதங்களே. முழுமையாகவோ ஒரு பகுதியோ அரசுப் பணத்தால் பேணப்படும் பொது இடங்களில் சாதியின் பெயரால் எவரையும் தடுத்தலாகாது என்கிறது அரசமைப்பின் 15-ஆம் பிரிவு. தீண்டாமையை ஒழித்தது 17-ஆம் பிரிவு. ஒரு சட்டம் நூலகத்திற்குப் பொதுப் பணத்தைத் தந்தது. மற்றொரு சட்டம் பொதுப் பணத்தால் நிற்பதில் நமக்கு உரிமையைத் தந்தது. இரண்டையும் ஒருசேர வைத்துப் படித்தால் அந்த இளைஞரின் வினாவிற்கு விடை கிடைத்துவிடும்.

பணம் மட்டும் போதுமா?

அரசு பணம் தந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று எண்ணுவோருக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் கூற விரும்புகின்றோம்.

முதலாவது பரோடா. சயாஜிராவ் கெய்க்வாட் மன்னர் 1910-இல் போர்டன் என்னும் அமெரிக்க நூலகரை வரவழைத்து, நாடு முழுவதும் இலவச நூலகங்களை அமைக்கத் தொடங்கினார். கிராம மக்கள் ஒரு பங்கு திரட்டினால், உள்ளாட்சி ஒரு பங்கும் அரசு ஒரு பங்கும் தரும். மூவர் சேர்ந்து தாங்கும் இம்முறை அக்காலத்தில் பலராலும் போற்றப்பட்டது. அதே மன்னரின் உதவித் தொகையால்தான் 1913-இல் அம்பேத்கர் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். ஆயினும், அவர் கற்றுத் திரும்பி 1917-இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தபோது, அந்நகரில் தங்குவதற்கு ஓர் இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. ஊர்தோறும் நூலகம் வைத்த நாட்டில், நூல்களையே உயிராகக் கருதிய ஒருவருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. நூலகம் ஒரு நாட்டை அறிவுடையதாக்கலாம். அந்நாடு நம்மை மதிக்க வேண்டுமாயின் அதற்கு நம் முயற்சியும் வேண்டும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு கடல் கடந்தது. நம்மைப் போன்றே ஒதுக்கப்பட்ட கறுப்பின மக்கள் அமெரிக்காவில் இதே வினாவை எதிர்கொண்டனர். வர்ஜீனியா மாநிலத்தில் அலெக்சாண்டிரியா என்னும் நகரில் 1937-இல் பொது நூலகம் ஒன்று திறக்கப்பட்டது. நகரின் வரிப்பணம் அதற்குச் சென்றது. வரி செலுத்திய கறுப்பின மக்களுக்கோ அங்கு இடமில்லை. அந்நூலகத்திற்கு அண்மையில் வாழ்ந்த சாமுவேல் டக்கர் என்னும் இளம் வழக்கறிஞர், 1939 ஆகஸ்ட் 21 அன்று ஐந்து இளைஞர்களை அங்கு அனுப்பினார். நல்லாடை அணிந்த அவ்வைவரும் ஒருவர்பின் ஒருவராகச் சென்று உறுப்பினர் அட்டை கேட்டனர். மறுக்கப்பட்டதும், ஆளுக்கொரு நூலை எடுத்து, தனித்தனி மேசையில் அமர்ந்து அமைதியாகப் படிக்கத் தொடங்கினர். காவலர் வந்து அவர்களைக் கைது செய்தனர். படித்த குற்றத்திற்காகக் கைது!

அதன் பின்னர் அந்நகராட்சி செய்தது யாது? கதவைத் திறக்கவில்லை. கறுப்பின மக்களுக்கென 1940-இல் வேறொரு சிறு நூலகத்தைக் கட்டித் தந்தது. டக்கரோ அந்நூலகத்தின் உறுப்பினர் அட்டையை ஏற்க மறுத்துவிட்டார். தமக்கு வேண்டியது ஏதோ ஒரு நூலகமன்று, தம் வரியால் நடக்கும் அதே நூலகம் என்பது அவருடைய நிலை. அந்த ஐவர்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டு முறைப்படி நீக்கப்பட்டது 2019-ஆம் ஆண்டில்தான். எண்பது ஆண்டுகள்!

நம் பொதுக்குழு விவாதத்தைக் கேட்டபோது டக்கரின் மறுப்பே எம் நினைவுக்கு வந்தது. ஒதுக்கப்பட்டவர்களே தமக்கெனத் தனியாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிட்டால், ஒதுக்கியவர்களுக்கு அதைவிட எளிய வழி வேறில்லை.

இன்றைய நிலை

இன்று தமிழகத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் எனப் பல நிலைகளில் அவை இயங்குகின்றன. 2010-இல் சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் திறக்கப்பட்டன. அவற்றைக் கண்டு பெருமிதம் கொள்கின்றோம். ஆனால் நம் தெருச் சிறுமி மாலைப் பள்ளி விட்டதும் மதுரைக்குச் செல்ல இயலாது. அவளுக்கு வேண்டியது நடந்து செல்லும் தொலைவில், மாலையில் திறந்திருக்கும், மின்விளக்கும் கழிப்பறையும் உள்ள ஒரு சிறு நூலகம்.

அதற்குரிய பணம் எங்கே? நூலக வரி இப்போது வீட்டு வரியில் ரூபாய் ஒன்றுக்கு 10 பைசா. ஒரு வீட்டிற்கு வரி ரூ.100 எனின், நூலக வரி ரூ.10. குடிசையும் செலுத்துகிறது; மாடியும் செலுத்துகிறது. இப்பணத்தைத் திரட்டுவது ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகிய உள்ளாட்சிகள். அவை அதனை மாவட்ட நூலக ஆணைக்குழுவிற்குச் செலுத்த வேண்டும். இங்கேதான் இடர்ப்பாடு. திரட்டிய வரியை உரிய காலத்தில் செலுத்தாது நிலுவை வைத்தல் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வரும் குறை. மக்கள் நூலுக்கென்று கொடுத்த பணம் வேறு செலவுகளுக்கிடையே தங்கிவிடுகிறது. நூலகத்திலோ புதிய நூல் இல்லை, நாற்காலி இல்லை, பணியாளர் இல்லை என்னும் நிலை.

இன்னொன்றும் உண்டு. 2006 முதல் 2011 வரை நடந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுந்தது. நல்ல திட்டம். ஆனால் அவற்றுள் பல இன்று பூட்டிக் கிடப்பதை நாம் கண்ணாரக் காண்கின்றோம். கட்டடத்திற்குப் பணம் ஒருமுறை கிடைத்தது. திறந்து வைப்பவருக்கும் புதிய நூலுக்கும் ஆண்டுதோறும் பணம் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் 1850-இல் கட்டடத்திற்குப் பணம் தந்து நூலுக்குத் தர மறுத்த அதே பிழை, வேறு உருவில் நம் ஊர்களில் நிகழ்ந்திருக்கிறது.

நூலகம் ஊராட்சியின் பொறுப்பன்று, மேலிடத்தின் பொறுப்பு என்பாரும் உளர். அரசமைப்பின் 73-ஆம் திருத்தம் சேர்த்த பதினோராம் அட்டவணையில், ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க 29 பொருள்களுள் நூலகமும் ஒன்று. ஆகவே ஊராட்சியைக் கேட்பது முறையே.

மூன்று மறுப்புகள்

இளைஞர்களிடம் பேசும்போது மூன்று மறுப்புகளைக் கேட்கின்றோம்.

கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும்போது நூலகம் எதற்கு என்பது முதலாவது. கைப்பேசி நூலைத் தரலாம். அமர்ந்து படிக்க இடத்தைத் தராது. ஓர் அறை வீட்டில் ஐவர் வாழும்போது, அரசுப் பணியாளர் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் எங்கே அமர்வார்? மாவட்ட மைய நூலகங்களின் படிப்பறைகளில் காலை முதல் இரவு வரை அமர்ந்திருக்கும் இளைஞர்களைப் பாருங்கள். அவர்கள் அங்கே தேடி வந்தது நூலை மட்டுமன்று. அமைதியையும் ஒரு மேசையையுமே.

ஏழைகள்மேல் வரி எதற்கு என்பது இரண்டாவது. வரியை உயர்த்துக என்று யாம் இங்குக் கூறவில்லை. ஏற்கெனவே செலுத்துவது சென்று சேரட்டும் என்கின்றோம். ஒருவர் தம் செலவில் பெரிய நூலகம் வைக்கலாம். கூலி உழைப்பாளியால் அது இயலாது. பத்து ரூபாய் கொடுத்து ஆயிரக்கணக்கான நூல்களுக்கு உரியவராகும் வழி பொது நூலகம் ஒன்றே. ஆகவே நூலக வரியால் மிகுதியும் பயன்பெற வேண்டியவர்கள் ஏழைகளே. அதில் கேடு நேர்ந்தால் மிகுதியும் இழப்பவர்களும் அவர்களே.

அங்கே நம்மை மதிப்பார்களா என்பது மூன்றாவது. இதற்கு எளிதில் விடை கூற இயலாது. திண்ணையில் இருந்து படித்தவர்கள் யாம். ஆனால் இன்று நிலைமை பெரிதும் மாறியுள்ளது. நம் பிள்ளைகள் பலர் நூலகராகவே பணிபுரிகின்றனர். இன்னும் எங்கேனும் தடை நேருமாயின், 1955-இல் இயற்றப்பட்டு 1976-இல் வலுப்படுத்தப்பட்ட குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது. அஞ்சி விலகி நிற்பதால் அந்தத் தடை நீங்காது. நாள்தோறும் சென்று அமர்வதால்தான் நீங்கும்.

நாம் செய்யத்தக்கவை

ஆகவே சங்கத்தின் முன் சில கருத்துகளை வைக்கின்றோம்.

முதலாவதாக, நம் சங்கக் கட்டடத்தில் மாலை நேரப் படிப்பறை ஒன்று இருக்கட்டும். அதனை யாம் எதிர்க்கவில்லை. அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார்; மறு ஆண்டு தோன்றிய சித்தார்த்தா கல்லூரியின் கதவு எல்லாச் சமுதாயத்தினருக்கும் திறந்திருந்தது. நம் படிப்பறையும் அவ்வாறே இருக்க வேண்டும். ஆனால் அது பொது நூலகத்திற்குச் செல்லும் படியாக அமைய வேண்டுமேயன்றி, அதற்கு மாற்றாக அமைதல் கூடாது. விழா நிதி முழுவதையும் கட்டடத்தில் இடாது, ஒரு பகுதியை நம் பிள்ளைகளின் நூலக உறுப்பினர் கட்டணத்திற்கு ஒதுக்கலாம்.

இரண்டாவதாக, இவ்வாண்டு நம் தெருக்களின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவரேனும் பொது நூலகத்தில் உறுப்பினராக வேண்டும். வாசகர் வட்டத்திலும் நம்மவர் இடம்பெற வேண்டும். வாசகர் வராத நூலகத்திற்கு நிதி கேட்பது கடினம்.

மூன்றாவதாக, கிராம சபையில் எழுந்து பேசுங்கள். சாலை கேட்கிறோம், விளக்கு கேட்கிறோம், குடிநீர் கேட்கிறோம். அவற்றோடு இதையும் கேளுங்கள்: சென்ற ஆண்டு திரட்டிய நூலக வரி எவ்வளவு? ஆணைக்குழுவிற்குச் செலுத்தியது எவ்வளவு? நம் ஊர் நூலகம் எத்தனை நாள் திறந்திருந்தது? ஊராட்சியில் இருப்பவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராயினும் தனி அலுவலராயினும், அவர் விடை கூறக் கடமைப்பட்டவர். வாயால் விடை கிடைக்காவிடின், 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்தால் கேளுங்கள். பணிவோடு கேளுங்கள், ஆனால் விடை வரும்வரை கேளுங்கள்.

நான்காவதாக, இது நம் சமுதாயத்தின் தனிக் கோரிக்கையாக நின்றுவிடலாகாது. பூட்டிய நூலகத்தால் ஊர்த் தெருப் பிள்ளைகளும் இழக்கின்றனர். அவர்களின் பெற்றோரையும் உடன் அழைத்துக் கேளுங்கள். எல்லோருக்குமான கதவை நாம் முன்னின்று திறந்தோம் என்னும் நற்பெயர் நம் சங்கத்திற்குக் கிடைக்கட்டும்.

அன்பிற்குரிய இளைஞர்களே! எம் ஆசிரியர் தம் கையொப்பத்தால் எமக்குக் கதவைத் திறந்தார். அது அவருடைய பெருந்தன்மை. உங்கள் காலத்தில் எவருடைய பெருந்தன்மையும் உங்களுக்குத் தேவைப்படலாகாது. இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் வீட்டு வரி இரசீதை எடுத்துப் பாருங்கள். அதில் 'நூலக வரி' என்னும் சொல்லைத் தேடிப் பெற்றோருக்குப் படித்துக் காட்டுங்கள். பின்னர் உங்கள் தம்பி தங்கையரின் கைபற்றி நூலகத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். திண்ணையில் நில்லாதீர்கள், உள்ளே சென்று அமருங்கள்.

சங்கத்தின் பொன்விழா மலரை எழுதும் தலைமுறையினர், "அந்த நூலகம் யாருடையது?" என்னும் வினாவை எழுப்பவே தேவை இல்லாதவர்களாய் வளர்க என வாழ்த்தி அமைகின்றோம்.